இரத்தத்தில் கிடந்த தடம்

கோலாஹூனில் முதன்முதல் தகரக் கூரை போட்ட வீடு யாருடையது என்று கேட்டால் நண்டு சிண்டுகூடக் கை காட்டும். ஜூசு சாஃபாவின் வீடு. அந்தத் தகரம் லாரியில் வந்ததல்ல. அன்றைக்கு அந்த ஊருக்கு லாரிப் பாதையே கிடையாது. பதினோரு மைல் தலைச்சுமை. ஒரு நடைக்கு நான்கு தகடு. முதல் மழை விழுந்து கூரை இரைந்த அன்று சாஃபா வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நனைந்தபடி ஓடியவர்களையெல்லாம் நிறுத்தி, "கேட்டீங்களா, என் வீடு பேசுது" என்றார்.

பள்ளிக்கூடத்தில் அவர் கற்றது இரண்டுதான்: தன் பெயரை எழுதுவது, பிரம்படிக்கு அசையாமல் நிற்பது. மற்றதெல்லாம் தானாய்த் தேடிக்கொண்டது. பதினான்கு வயதில் அடுத்தவன் கோக்கோ மூட்டையைச் சுமந்தவர், நாற்பதில் மூட்டைக்காரராகவே ஆகிவிட்டார். காய்ந்த கோக்கோ விதை ஒன்றைக் கடைவாயில் வைத்து ஒரு கடி கடித்தால் போதும், எத்தனை நாள் புளிக்க வைத்தது, வெயிலில் காய்ந்ததா, அடுப்புப் புகையில் காய்ந்ததா என்று பிட்டுப் பிட்டு வைப்பார். ஒருமுறை நகரத்துக் கம்பெனிக்காரர்கள் ஈரம் பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்தார்கள். சாஃபா கடித்துச் சொன்னதைத்தான் மெஷினும் சொன்னது. "ஒங்க மெஷின் நல்ல பையன். என் பல்லுகிட்ட இன்னும் ரெண்டு வருஷம் படிச்சா தேறிடுவான்" என்று அவர் சொன்னது சந்தையில் பழமொழியாகிப் போனது.

சோதித்துப் பார்க்காமல் அவர் எதையும் நம்பியதில்லை. சோதித்துத் தெரிந்துகொண்டதை எந்த மன்னன் வந்தாலும் மாற்றிக்கொண்டதும் இல்லை. இரண்டும் அவருக்குப் பெருமை. முதலாவது அவரைத் தூக்கிவிட்டது. இரண்டாவது என்ன செய்தது என்பதுதான் அவருடைய மீதி வாழ்க்கை.

எபோலா வந்த மழைக்காலத்தில் அந்தத் தகர வீட்டில் ஏழு பேர் இருந்தார்கள். சாஃபா, அவர் மனைவி ஜெபே, மகன்கள் அல்லியூ, லான்சனா, அல்லியூவின் மனைவி, அவள் இடுப்புக் குழந்தை. ஏழாவது ஆள் பைந்து, சாஃபாவின் செத்துப்போன தங்கை மகள். கீழ்நாட்டில் அவள் வேலை பார்த்த ஊரில் சாவு விழத் தொடங்கியதும், துணி மூட்டையோடு மூன்று நாள் நடந்து வந்து சேர்ந்தாள். "மாமா வீடு இருக்கறப்ப எனக்கென்ன பயம்" என்று வாசலில் நின்று சிரித்தாள். ஜெபேதான் ஓடிப்போய் மூட்டையை வாங்கி இறக்கினாள்.

பைந்து வந்த ஒன்பதாம் நாள் ஜெபேக்குக் காய்ச்சல் கண்டது.

வீட்டைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். துப்பாக்கியோடு இரண்டு பேர் மாமரத்தடியில் காவல் உட்கார்ந்தார்கள். ஜெபே போனாள். அல்லியூ போனான். அவன் மனைவி, அவளைத் தொட்டுக்கொண்டே குழந்தை. கடைசியில் லான்சனா. வெள்ளை உடுப்புக்காரர்கள் மருந்தடித்துக்கொண்டு வந்து, பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடிக் கொண்டுபோனார்கள். குளிப்பாட்டவில்லை. மூன்றாம் நாள் சடங்கு இல்லை, ஏழாம் நாள் இல்லை, நாற்பதாம் நாள் இல்லை. கயிறு அவிழ்த்தபோது உள்ளே இருந்து நடந்து வெளியே வந்தவர்கள் இரண்டு பேர். சாஃபா, பைந்து.

ஐந்து பேரையும் தூக்கி, துடைத்து, வாயில் தண்ணீர் விட்டவர் சாஃபா. அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. ஆனால் மனுஷன் நெஞ்சு ஐந்து சாவுக்கு ஒரு காரணம் கேட்குமே. காரணம் எதிரிலேயே நின்றது. சாவு விழுந்த ஊரிலிருந்து நடந்து வந்த பெண்.

ஊர்க்கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது அவளை நடுவில் நிறுத்தினார். "நீ மூட்டையில துணி கொண்டாரல. என் பொஞ்சாதிக்கும் புள்ளைங்களுக்கும் சாவு கொண்டாந்த. கேட்டுக்க. இனிமே நீ தலையில சொமக்குறதும் வயித்துல சொமக்குறதும் ஒண்ணும் எடம் சேராது."

மெண்டே சனத்தில் அப்பன் வைதால் காற்று, தாய்மாமன் வைதால் கல். அந்தக் கல்லை வைத்தவன்தான் எடுக்க வேண்டும்; இமாமாலும் முடியாது, தலைவராலும் முடியாது. எடுக்கிற முறை இது: தாய்மாமன் பாதிக்கப்பட்டவளின் எதிரில் வந்து, நடந்த தவறு யாருடையது என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு வாய்த் தண்ணீர் எடுத்து அவள் உச்சந்தலையில் ஊத வேண்டும். அந்தத் தண்ணீரைத் தப்பித்தவறியும் விழுங்கக் கூடாது. விழுங்கினால் சாபம் அவள் தலையிலிருந்து இறங்கி, வைதவன் வயிற்றுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

பைந்து அன்றைக்கே ஊரைவிட்டுப் போனாள். அரைநாள் நடைத் தொலைவில், ஆற்றுத்துறையில் தோணி ஓட்டும் கெமோ என்பவன் அவளைக் கட்டிக்கொண்டான். மறு வருஷம் ஏழு மாதத்தில் ஒரு பிள்ளை தவறியது. சேதி கோலாஹூனுக்கு வந்தபோது பெண்கள் சாஃபாவின் வீட்டுப் பக்கம் பார்க்காமல் நடந்தார்கள். அதற்கடுத்த வருஷம் பைந்து மறுபடி உண்டாகியிருந்தாள்.

ஊர்த் தலைவர் கன்னே நல்ல மனுஷன். சாஃபாவுக்குச் சின்ன வயதில் சேர்ந்து எலி பிடித்த தோழர். அவரே வீடு தேடி வந்தார். "சாஃபா, உனக்கு இருக்குற ஒரே ரத்தம் அவதான். எடுத்துடுப்பா அந்தச் சொல்லை."

"என் ஊட்ல அஞ்சு பேரு. உன் ஊட்ல ஒருத்தரும் இல்ல. நீ பேசலாம்" என்றார் சாஃபா.

"அவ கொண்டாந்தான்னு நீ கண்டியா?"

"கோக்கோவக் கடிச்சா தெரியுது. இதைக் கடிச்சுப் பாக்க எனக்கு ஒரு வழி காட்டு. அவ கொண்டாரலன்னு தெரிஞ்சா நானே நடந்துபோயி தண்ணி ஊதுறேன். சாஃபா சொன்னா சொன்னதுதான்."

அந்த வழி அந்த வெயில் காலத்திலேயே ஜீப்பில் ஏறி வந்தது.

வந்தவர் ஆஸ்பத்திரி சிஸ்டர் லெபி. கூடவே பெட்டிகள், ஊசிகள், இரண்டு எழுத்தர்கள். முறைப்படி தலைவருக்குக் கோலாக் கொட்டை வைத்துவிட்டு, ஊர்க்கூடத்தில் எழுந்து நின்று பேசினார். நல்ல உரத்த குரல், நம்ம பக்கத்துப் பேச்சு.

"ராத்திரி ஊருக்குள்ள சிறுத்தப்புலி நடந்து போச்சுன்னா காலையில எப்படித் தெரிஞ்சுக்குவீங்க? தடத்தைப் பாத்து. புலி போயிடும், தடம் கெடக்கும். இந்த நோயும் அப்படித்தான். ஒடம்பு அதோட சண்டை போட்டுச்சுன்னா ரத்தத்துல ஒரு தடம் நிக்கும். சில பேருக்கு நோய் லேசா வந்து, வந்ததே தெரியாமப் போயிருக்கும். ஆனா தடம் இருக்கும். எத்தனை பேருக்கு அப்படின்னு எண்ணத்தான் வந்திருக்கோம். இப்ப யாருக்கும் நோய் இல்ல, பயப்படாதீங்க."

"எங்க ரத்தத்தை வித்துத்தான அந்த ஜீப்பு வாங்கினீங்க?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். கூடம் சிரித்தது.

தையற்காரர் தாம்பா எழுந்தார். "சிஸ்டர், என் ரத்தத்தை எடுக்காதீங்க. பூரா பனங்கள்ளு. ஒங்க மெஷினுக்குப் போதை ஏறிடும்."

சிரிப்பு அடங்குமுன் சாஃபா பெஞ்சின் மேல் ஏறி நின்றார். ஐம்பத்தெட்டு வயதில் அப்படி ஏறக்கூடியவர் அந்த ஊரில் வேறு யார்? சட்டைக் கையை மடித்தார். "வெக்கமா இல்ல ஒங்களுக்கு? ஒரு ஊசிக்கா இந்த நடுக்கம்? என்கிட்ட எடுங்க சிஸ்டர். ஒரு குடம் வேணுமா, எடுங்க. அஞ்சு பொணத்துக்கு நடுவுல படுத்து எழுந்தவன் நான். என்கிட்ட அந்தப் புலியோட ரோமம்கூட இருக்காது!"

அவர் கையை நீட்டியபின் ஊர் வரிசையில் நின்றது. அன்று எண்பத்துமூன்று பேர் கொடுத்தார்கள். அதில் பாதியாவது சாஃபாவின் வாய்க்காகக் கொடுத்தது.

ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்தியபடியே அவர் சிஸ்டரிடம் குனிந்தார். "அம்மா, ஆத்துத்துறையில என் தங்கச்சி மவ இருக்கா. கயித்துக்குள்ள என்கூட இருந்தவ. அவ ரத்தத்தையும் எடுக்கணும். யாரு கொண்டாந்ததுன்னு ஊருக்குத் தெரியணும்."

"ஐயா, யாரு கொண்டாந்தது, எப்ப வந்ததுன்னு ரத்தம் சொல்லாது. தடம் இருக்கா இல்லையா, அவ்வளவுதான் சொல்லும்."

"இருக்கா இல்லையான்னு சொன்னாப் போதும். மீதிய நான் சொல்லிக்குறேன்."

சிஸ்டர் லெபி வாயைத் திறந்தார். சாஃபா அதற்குள் கூடத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டார். "எல்லாரும் சாட்சி! பைந்து ரத்தத்துல தடம் இல்லன்னு வந்தா அன்னிக்கே கெளம்பி நடக்குறேன்!"

மறுநாள் பைந்து தானே வந்தாள். நான்கு மாத வயிறு. வரிசையில் நின்றாள். ஊரே அவளையும் சாஃபாவையும் மாறி மாறிப் பார்த்தது. அவள் முறை முடிந்து போகும்போது அவர் நாற்காலியின் முன்னால் ஒரு நொடி நின்றாள்.

"நீங்க கூப்பிட்டதால வரல மாமா. எனக்கும் தெரியணும்."

அவளுக்கு என்ன தெரியணும் என்று சாஃபா அன்று யோசிக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து, முதல் மழை விழுந்த வாரத்தில் காகிதங்கள் வந்தன. சிஸ்டர் ஆற்றுத்துறைக்கு முதலில் போய்விட்டு, பிறகு கோலாஹூன் வந்தார். பள்ளிக்கூட அறையில் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திச் சொன்னார்.

"சாஃபா ஐயா, ஒங்க ரத்தத்துல தடம் இருக்கு."

அவர் நம்பவில்லை. "நல்லாப் பாருங்க. எனக்கு ஒண்ணுமே வரலியே."

"மூணு தடவை பாத்திருக்காங்க. ஒங்களுக்கு நோய் வந்து, ஒடம்பு ஜெயிச்சிருக்கு. இது ஒங்களோட சேதி. யாருகிட்டயும் சொல்லணும்னு கட்டாயம் இல்ல."

சொல்லாமல் இருப்பதா! சாஃபாவின் நெஞ்சு விரிந்தது. நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் வாரிக்கொண்டு போன நோய் தன் உடம்புக்குள் வந்து, தோற்று, தடத்தை விட்டுவிட்டு ஓடியிருக்கிறது. காகிதத்தைக் கொடிபோலப் பிடித்துக்கொண்டு ஊர்க்கூடத்துக்கு வந்தார்.

"கன்னே! தாம்பா! எல்லாரும் வாங்க! எபோலாவக் கடிச்சு மென்னு துப்புனவன் யாருன்னு இதுல எழுதியிருக்கு! படிச்சவன் படிச்சுப் பாரு!"

கூட்டம் சேர்ந்தது. ஒருவன் காகிதத்தை வாங்கிப் படித்து ஆமாம் என்றான். வயசாளிகள் தலையாட்டினார்கள். ஒருத்தி சாஃபாவின் கையைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த ஒரு நாழிகை, ஐந்து சாவுக்குப் பிறகு முதன்முறையாக, அவருக்குத் தான் பழைய சாஃபாவாகத் தெரிந்தது.

அப்போதுதான் கெமோ வந்தான். ஆற்றுத்துறையிலிருந்து நடந்து வந்த சேறு முழங்கால்வரை இருந்தது. அவன் சாஃபாவிடம் போகவில்லை; தலைவர் கன்னேயிடம் போய் மடித்த காகிதத்தை நீட்டினான். "எல்லாரும் கேக்க இதைப் படிக்கச் சொன்னா என் பொஞ்சாதி."

படித்தார்கள். பைந்துவின் இரத்தத்தில் தடம் இல்லை. நோய் அவளுக்கு வந்ததே இல்லை.

"நல்லது. நல்லது" என்றார் கன்னே. அவர் கண்ணில் தண்ணீர். "சாஃபா, உன் வாக்கு."

"சாஃபா சொன்னா சொன்னதுதான்" என்றார் சாஃபா. குரல் வழக்கம்போல் உரக்கத்தான் வந்தது. கெமோ திரும்பி நடந்தான்.

தாம்பா கெட்டவர் அல்ல. வாய்தான் சும்மா இருக்காது. "ஏம்பா சாஃபா, அந்தப் பொண்ணு கொண்டாரல. அப்ப ஒனக்கு எப்ப வந்துச்சு?"

"ஏண்டா, சாகக் கெடந்தவங்களைத் தூக்குனது யாரு? நீயா? அவங்ககிட்டேருந்து தொத்தியிருக்கும்."

ஜீப்பில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த சிஸ்டர் லெபி அதைக் கேட்டு, "அப்படியும் இருக்கலாம்" என்றார்.

"இருக்கலாம், இருக்கலாம்" என்றார் தாம்பா. "ஆனா ஜெபே படுக்குறதுக்கு முன்னாடியே நீ படுத்தியே. அந்த ஞாயித்துக்கெழம சந்தையில உன் தராசு சும்மா தொங்குச்சு. சாஃபா வராத சந்தையும் ஒண்ணு உண்டான்னு நான்கூட ஜெபேகிட்டக் கேலி பண்ணேன். அப்ப பைந்துவே வரலியே."

"அது மலேரியா."

"மலேரியாதான்" என்றார் தாம்பா உடனே. சொன்னது என்னவென்று அப்போதுதான் அவருக்கே உறைத்தது. ஊசி நூலை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். கூட்டமும் ஒவ்வொருவராய்க் கரைந்தது. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள் மட்டும் போகிறபோது கையைத் தன் துணியில் துடைத்துக்கொண்டே போனாள்.

சாஃபா வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தாம்பாவுக்குத் தெரிந்தது பாதிதான். மீதி அவர் ஒருத்தருக்கே தெரியும்.

அந்தச் சந்தைக்கு முந்தின வாரம் அவர் ஆற்றைக் கடந்திருந்தார். கடக்கக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டிருந்த சமயம். அக்கரையில், கினி நாட்டில், சேக்கூ செத்துப்போனான். முப்பது வருஷத் தோழன். சாஃபாவுக்கு முதல் மூட்டையை நம்பிக் கொடுத்தவன். என்ன நோய் என்று யாரும் சொல்லவில்லை, சாஃபாவும் கேட்கவில்லை. மற்ற வியாபாரிகள் பயந்து ஒளிந்தார்கள். சாஃபா ஒளிகிற ஆளா? திருட்டுத்தோணியில் போய், சேக்கூவின் மகன்களோடு நின்று, தன் கையால் அவனைக் குளிப்பாட்டி, தோளைத் துடைத்து, துணி சுற்றிக் குழியில் இறக்கிவிட்டு வந்தார். "ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்" என்று வழியெல்லாம் தன்னைத் தானே மெச்சிக்கொண்டு திரும்பினார்.

எட்டாம் நாள் உடம்பு கொதித்தது. இரண்டு நாள். ஜெபே மரப்பட்டைக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். வாந்தியைத் தன் தலைத்துணியால் துடைத்தாள். அவர் மிச்சம் வைத்த சோற்றை, வீணாக்குவானேன் என்று அவளே சாப்பிட்டாள். மூன்றாம் நாள் சாஃபா எழுந்து உட்கார்ந்து, "பாத்தியா, சாஃபாவப் படுக்க வைக்க இனிமேதான் ஒரு நோய் பொறக்கணும்" என்றார். அன்று சாயங்காலம் பைந்து மூட்டையோடு வாசலில் வந்து நின்றாள்.

பிறகு ஜெபே படுத்தபோது, எழுதுகிற அட்டையோடு வந்தவர்கள் கேட்டார்கள்: இந்த வீட்டில் யாராவது ஆற்றைக் கடந்தார்களா, சாவு வீட்டுக்குப் போனார்களா? சாஃபா இல்லை என்றார். கடந்தது தெரிந்தால் அபராதம். அதைவிட, ஊர் பார்க்கத் தலைகுனிவு. "இந்தப் பொண்ணுதான் வெளியூர்லேருந்து வந்தவ" என்று பைந்துவைக் காட்டினார். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஒரு பொய்யைப் பலதடவை சொன்னால் அதற்கும் கால் முளைக்கும்போல. மெல்ல மெல்ல அவரே அதை நம்பிவிட்டார். பொய் சொன்னவரும் அவர், நம்பிச் சபித்தவரும் அவர்.

சிஸ்டர் சொன்னாரே, அப்படியும் இருக்கலாம் என்று. இருக்கலாம்தானே? பிறகும் தொற்றியிருக்கலாம்தானே? அந்த ஒரு வார்த்தையை அவர் நாக்கில் போட்டுப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கோக்கோ விதையை அப்படிப் புரட்டியதில்லை. கடிக்க மட்டும் மனம் வரவில்லை. கடித்தால் என்ன ருசி வரும் என்று தெரியும்.

வாக்குப்படி அன்றைக்கே அவர் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. முறைப்படி தவறு யாருடையது என்று வாய்விட்டுச் சொன்னால்தான் சாபம் எடுபடும். "அவள்மேல் தப்பில்லை" என்றால் மட்டும் போதாது. பிறகு யார்மேல் என்று தண்ணீர் கேட்கும். முதல் நாள் மழை என்றார். இரண்டாம் நாள் முழங்கால் பிடித்துக்கொண்டது என்றார். மூன்றாம் நாள் கோக்கோவில் பூஞ்சை விழுகிறது என்றார். நான்காம் நாள் கன்னே வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனார். ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் சாஃபா சாக்கு எதுவும் சொல்லவில்லை. கேட்பாரும் இல்லை.

ஏழாம் நாள் விடியலில் நடந்தார்.

ஆற்றுத்துறையை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. கெமோ தோணியின் நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை. "உள்ள இருக்கா" என்றான், அவ்வளவுதான்.

பைந்து பாயில் உட்கார்ந்திருந்தாள். மார்பை ஒரு துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். பால் வற்றக் கட்டுகிற கட்டு. சாஃபா நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"எப்ப?"

"முந்தாநாத்து. பொம்பளப்புள்ள. தலைமுடியெல்லாம் நல்லா இருந்துச்சு." அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஒக்காருங்க மாமா. தூரம் நடந்து வந்திருக்கீங்க."

அவர் மண்தரையில் உட்கார்ந்தார். நாற்காலி இருந்தது, அதில் உட்கார முடியவில்லை. சொல்ல வந்ததைச் சொன்னார். அந்த மாதிரிச் சின்னக் குரலில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. "ஆத்தக் கடந்தவன் நான். சேக்கூவக் குளிப்பாட்டுனவன் நான். காய்ச்ச மொதல்ல எனக்குத்தான் வந்துச்சு. அட்டைக்காரங்க கேட்டப்ப ஒன்னைக் கை காட்டுனேன். தப்பு என்னோடது. பூரா என்னோடது."

பைந்து அழுவாள், கத்துவாள், எதையாவது எடுத்து எறிவாள் என்று அவர் நினைத்தார். அவள் பாயில் பிரிந்த ஒரு நாரைச் சொருகிக்கொண்டிருந்தாள்.

"நீங்க வைதது பெருசில்ல மாமா. வைதப்ப நானும் அதை நம்பிட்டேன். அதான் பெருசு. அத்தைய நான்தான் கொன்னேன்னு ரெண்டு வருஷமா நெனச்சேன். அவங்க என் மூட்டைய வாங்குனாங்கல்ல, ஏன் குடுத்தேன், ஏன் குடுத்தேன்னு. மொதப் புள்ள போனப்ப, சரி, கணக்குக்குச் சரிதான்னு எனக்கே தோணுச்சு. அந்தப் புள்ளைக்கு நான் அழவே இல்ல. தெரியுமா ஒங்களுக்கு? அழ எனக்குப் பாத்யதை இல்லன்னு அழல."

வெளியே கெமோவின் கை நின்றிருந்தது.

"சிஸ்டர் வந்து இல்லைன்னு சொன்னாங்க. அன்னிக்குத்தான் ரெண்டு வருஷத்துக்கப்புறம் சோறு எறங்குச்சு. மாமா நாளைக்கு வருவாருன்னு தண்ணிக் கலயத்தக் கழுவி வச்சேன். தெனமும் கழுவி வச்சேன்."

கலயம் மூலையில் இருந்தது. மேலே மூடியிருந்த தட்டுகூடத் துடைத்துப் பளிச்சென்று இருந்தது.

"ஊதுங்க மாமா. வந்தது வந்தீங்க. ஊதிட்டுப் போங்க."

அவள் தலையைக் குனிந்தாள். சாஃபா கலயத்தை எடுத்து ஒரு வாய் நிரப்பினார். எதிரில் அவள் உச்சந்தலை, தங்கையின் தலை போலவே நடுவில் ஒரு சுழி. ஊதினால் அவர் வேலை முடிந்தது. எழுந்து போய்விடலாம், ஊருக்குள் நிமிர்ந்து நடக்கலாம்; சாஃபா சொன்னா சொன்னதுதான். வாய் நிறையத் தண்ணீரோடு அப்படியே இருந்தார். கன்னம் வலித்தது. பிறகு, தெரிந்தே, விழுங்கினார்.

தண்ணீர் தொண்டையில் இறங்குவதைப் பைந்து கேட்டுவிட்டாள். சட்டென்று நிமிர்ந்தாள். "என்ன மாமா பண்ணுனீங்க?"

"ஒந்தலையில இனி ஒண்ணுமில்ல. எங்கிட்ட வந்துடுச்சு."

"இதுலயும் நீங்கதான் பெரிய ஆளா?" என்றாள். கோபமாகக்கூட இல்லை. களைப்பாக. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

திரும்பி நடந்த வழியெல்லாம் அவர் வயிற்றுக்குள் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. அந்த மாதமும் நடக்கவில்லை, அடுத்த மாதமும் நடக்கவில்லை. நன்றாகப் பசித்தது. நன்றாகத் தூக்கம் வந்தது. மழையில் தகரக் கூரை இரைந்தபோது தெருவில் ஓடியவர்களை அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினாலும் யாரும் நின்றிருக்க மாட்டார்கள். கெமோவும் பைந்துவும் தோணியோடு வேறு துறைக்குப் போய்விட்டதாகச் சேதி வந்தது. எந்தத் துறை என்று சொல்பவர் இல்லை.

மறு வருஷ வெயில் காலத்தில் சிஸ்டர் லெபி மறுபடி வந்தார். தடம் இருந்தவர்களுக்கு அது இன்னும் இருக்கிறதா, அழிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டுமாம். கோலாஹூனில் தடம் இருந்தவர் ஒருவர்தான். இந்த முறை பெஞ்சு இல்லை, பேச்சு இல்லை. சாஃபா தன் வாசலிலேயே கையை நீட்டினார். தெருவில் போன தாம்பா பார்த்தும் பாராதவர்போல் போனார்.

காகிதம் வந்த அன்று சிஸ்டர் சொன்னார்: "அப்படியே இருக்குய்யா. கொஞ்சமும் கொறையல. நல்ல வலுவான ஒடம்பு ஒங்களுக்கு."

"எத்தனை நாளைக்கு இருக்கும் இது?"

"பல வருஷம் இருக்கும். சில பேருக்குக் கடைசிவரைக்கும் போகாதுங்கறாங்க."

சாஃபா தலையாட்டினார். காகிதத்தை வாங்கிக்கொள்ளவில்லை. மடித்த சட்டைக் கையை இறக்கி, பொத்தானைப் போட்டார். முதல் தடவை துளையில் நுழையவில்லை, மறுபடி போட்டார்.